மாட்-விஸ்கி: ஒரே அப்பாச்சியின் கீழ் மூன்று செயலிகள்

2022 பிப்ரவரியில் மார்க்கப்சேஃப் என்ற சிறிய பைத்தான் பொதியின் 2.1 பதிப்பு வெளிவந்தது. சாஃப்ட்-யூனிகோட் என்ற ஒரு செயற்கூறை அதில் நீக்கியிருந்தார்கள். வலைப்பக்க வார்ப்புருக்களை நிரப்பும் ஜிஞ்சா என்ற பொதியின் 3-க்கு முந்தைய பதிப்புகள் அந்தச் செயற்கூறை நம்பியே இருந்ததால், இரண்டையும் ஒன்றாக வைத்திருந்த வழங்கிகளில், ஜிஞ்சாவைப் பயன்படுத்தும் ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகத்தில் எழுதிய செயலிகள் ஒரே இரவில் நின்றுபோயின. என் பொறுப்பில் இருந்த வழங்கியும் அவற்றுள் ஒன்று. நூலகம் ஒன்றின் நூற்பட்டியலுக்காக எதையோ நிறுவப்போய், அதோடு ஒரு தொடர்பும் இல்லாத கணக்குப் பதிவுச் செயலியை நானே வீழ்த்தியிருந்தேன். இரண்டும் இயங்குதளத்தின் பொதுப் பைத்தானையும் அதன் பொதிகளையும் பங்கிட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். செயலி ஒவ்வொன்றும் தன் பொதிகளைத் தனியே வைத்துக்கொள்ளத் தனித்தனி மெய்நிகர் சூழல் வேண்டும் என்று முடிவெடுத்து, அப்பாச்சி வலைவழங்கியில் பைத்தான் செயலிகளை ஓட்டும் மாட்-விஸ்கியை அமைக்கத் தொடங்கியது அப்போதுதான். அன்றுமுதல் இன்றுவரை அதைப் பயன்படுத்திய பட்டறிவிலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். டபிள்யூ-எஸ்-ஜி-ஐ என்பது வலைவழங்கியும் பைத்தான் செயலியும் பேசிக்கொள்வதற்கான பொது இடைமுகம். பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு 333-ஆக 2003-இல் எழுதப்பட்டு, பைத்தான் 3-க்கு ஏற்ப 2010-இல் 3333 என்ற எண்ணில் திருத்தப்பட்டது. அந்த நான்கு எழுத்துகளையும் சேர்த்து விஸ்கி என்று படிப்பது பலரின் வழக்கம். அலுவலகத்தில் தொலைபேசியில் சத்தமாகச் சொல்லும்போது மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. இந்த இடைமுகத்தை அப்பாச்சிக்குள் கொண்டுவரும் மாட்யூலை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரஹாம் டம்பிள்டன் 2007-இல் வெளியிட்டார். அதற்கு முன் பரவலாக இருந்த மாட்-பைத்தானிலும் உழைத்தவர் அவர். மாட்-பைத்தான் 2010-இல் கைவிடப்பட்டதும் அப்பாச்சி பயன்படுத்துபவர்களுக்கு இயல்பான வழியாக மாட்-விஸ்கி நிலைத்தது. அதே 2007-இல்தான் இயன் பிக்கிங் மெய்நிகர் சூழல்களை உருவாக்கும் விர்ச்சுவலென்வ் கருவியையும் வெளியிட்டார். 2012-இல் பைத்தான் 3.3 வந்தபோது அந்தக் கருத்து வென்வ் என்ற பெயரில் மொழியின் செந்தர நூலகத்துக்குள்ளேயே இடம்பெற்றது.

மெய்நிகர் சூழல் என்பது உண்மையில் ஓர் அடைவுதான். அதற்குள் பைத்தானுக்கு ஒரு குறுக்குத்தொடுப்பும், பொதிகளுக்கான தனி இடமும், மூலப் பைத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சிறு அமைவுக் கோப்பும் இருக்கும். அதற்குள் நிறுவும் பொதிகள் வெளியே கசிவதில்லை; வெளியே நிறுவியவை உள்ளே தெரிவதுமில்லை. இதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை. அதனால்தான், அதைப் பாதுகாப்பு அரணாக எண்ணிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. ஒரு சூழலில் ஓடும் நிரல், கோப்பு அனுமதி தடுக்காதவரை, பக்கத்துச் சூழலின் கோப்புகளையும் தாராளமாகப் படிக்கும்.

நிறுவ இரண்டு வழிகள் உள்ளன. உபுண்டு, டெபியன் போன்றவற்றின் களஞ்சியத்தில் உள்ள மாட்-விஸ்கிப் பொதியை நேரடியாக எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அது இயங்குதளத்தின் சொந்தப் பைத்தான் பதிப்போடு மட்டுமே இணைந்தது. இரண்டாவது, ஒரு மெய்நிகர் சூழலுக்குள் பைத்தானின் பொதி நிறுவியான பிப் மூலம் மாட்-விஸ்கியை நிறுவி, அது தரும் எக்ஸ்பிரஸ் கட்டளையைக் கொண்டு அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் சேர்க்கவேண்டிய வரிகளை அச்சிட்டு எடுப்பது. இதற்கு அப்பாச்சியின் மேம்பாட்டுக் கோப்புகளும் சி மொழிபெயர்ப்பியும் கணினியில் இருக்கவேண்டும். பைத்தானை நீங்களே கம்பைல் செய்திருந்தால் அதைப் பகிரப்பட்ட நூலகமாகச் செய்திருக்கவும் வேண்டும். நான் முதல் வழியில் தொடங்கினேன். தொடக்கநிலையில் அதுவே போதும்.

அமைப்பதில் உயிர்நிலை, செயலியைப் பின்னணியில் தனிச் செயல்முறையாக ஓட்டும் டீமன் பிராசஸ் என்ற ஒற்றை வரிதான். செயலிக்கான செயல்முறைக் குழுவின் பெயர், அது எந்தப் பயனராக ஓடவேண்டும், எத்தனை செயல்முறைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை இழைகள், அதன் மெய்நிகர் சூழல் எங்கே இருக்கிறது ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். சூழலைக் குறிப்பது பைத்தான்-ஹோம் என்ற விருப்பம். அதற்குச் சூழலின் வேர் அடைவைத்தான் கொடுக்கவேண்டும். அதற்குள் இருக்கும் பைத்தான் நிரலின் பாதையைக் கொடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஐயம் இருந்தால் சூழலுக்குள் நுழைந்து பைத்தானிடமே சிஸ்-பிரிஃபிக்ஸ் மதிப்பைக் கேட்டால், கொடுக்கவேண்டிய பாதையை அது எழுத்துப் பிசகாமல் சொல்லும். பிறகு பிராசஸ் குரூப் வரியால் செயலியை அந்தக் குழுவோடு கட்டவேண்டும். எண்ணிக்கை எதுவும் சொல்லாவிட்டால் 1 செயல்முறை, 15 இழைகள் என்று எடுத்துக்கொள்கிறது. 2 ஜிபி நினைவகம் கொண்ட எங்கள் வழங்கிக்கு நூற்பட்டியலுக்கு 2 செயல்முறைகள், மற்றவற்றுக்கு ஒவ்வொன்று என்பதே சரியாக இருந்தது. டிஸ்பிளே-நேம் விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் செயல்முறைப் பட்டியலில் ஒவ்வொரு செயலியும் தன் பெயரோடு தெரியும். நள்ளிரவில் நினைவகத்தைத் தின்பது யார் என்று தேடும்போது அதன் அருமை புரியும்.

இந்த டீமன் முறைக்கு மாற்றாக, செயலியை அப்பாச்சியின் செயல்முறைகளுக்குள்ளேயே ஓட்டும் உட்பொதிந்த முறை ஒன்றும் இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் மாட்-விஸ்கி எடுத்துக்கொள்வது அதைத்தான். இந்தக் கருவியின்மேல் எனக்குள்ள முதல் குறை இதுவே. உட்பொதிந்த முறையில் செயலிகள் ஒவ்வொன்றுக்கும் தனித் துணை இன்டர்பிரட்டர் (நிரலை இயக்கும் பைத்தானின் தனிப் பிரதி) கிடைத்தாலும், செயல்முறை ஒன்றே என்பதால் சூழல் மாறிகள் (என்விரான்மென்ட் வேரியபிள்கள்) பொதுவாகிவிடுகின்றன. ஜாங்கோ என்ற வலைச் சட்டகம், செயலியின் தொடக்கப் புள்ளியான விஸ்கிக் கோப்பில், அமைவு மாட்யூலின் பெயரை அத்தகைய ஒரு சூழல் மாறியில், ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் வைக்கும்படி எழுதித் தருகிறது. ஆகவே இரண்டு ஜாங்கோ தளங்கள் ஒரே செயல்முறையில் ஓடினால், எது முதலில் எழுகிறதோ அதன் அமைவையே இரண்டாவதும் எடுத்துக்கொள்ளும். ஒரு தளத்தின் முகவரியில் மற்றொரு தளத்தின் தரவுத்தளத்தோடு பேசும் இந்த விந்தையை ஜாங்கோவின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. எனக்கும் ஒருமுறை நடந்தது. வழங்கியை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் பிழை இடம்மாறியதால், அரைநாள் என் கண்ணையே நான் நம்பவில்லை. பிராசஸ் குரூப் வரியை இரண்டு தளங்களுக்கும் எழுத மறந்திருந்ததுதான் காரணம். டீமன் வரி இருந்தும், கட்டாத செயலிகள் சத்தமில்லாமல் உட்பொதிந்த முறைக்குப் போய்விட்டன. ரெஸ்ட்ரிக்ட் எம்பெடட் என்ற வரியை இயக்கிவிட்டால் இந்த வாசலை முற்றிலும் அடைத்துவிடலாம். அப்பாச்சியின் செயல்முறைகளுக்குள் பைத்தானே எழாது என்பதால் நினைவகமும் மிச்சமாகும். இதை முதல் நாளே செய்யவேண்டும் என்பது என் கருத்து. இயல்புநிலையாகவே இருந்திருக்கவேண்டும் என்பது என் மனக்குறை.

அடுத்தது கோப்பு அனுமதி. 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு, புதிய பயனர்களின் வீட்டு அடைவைப் பிறர் நுழையமுடியாதபடி உருவாக்குகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் சூழலை வீட்டு அடைவுக்குள் வைத்துவிட்டு, டீமனை அப்பாச்சியின் பயனராகவே ஓடவிட்டால், பைத்தான் எழும்போது தன் செந்தர நூலகத்தையே கண்டுபிடிக்கமுடியாமல், என்கோடிங்ஸ் என்ற மாட்யூல் இல்லை என்று சொல்லிச் சாகும். அப்பாச்சி அதை மீண்டும் எழுப்பும். அது மீண்டும் சாகும். பிழைப் பதிவு பெருகிக்கொண்டே போகும். இந்தப் பிழையைப் படித்தவர்கள் பைத்தானே பழுதாகிவிட்டது என்று எண்ணி மறுநிறுவல் வரை போவதைப் பார்த்திருக்கிறேன். மாட்-விஸ்கியின் நேர்மையை இங்கே குறிப்பிடவேண்டும்: பைத்தான் ஹோமை அணுகமுடியவில்லை, பாதை முழுவதற்குமான அனுமதியைச் சரிபார்க்கவும் என்று அது அதே பதிவில் தெளிவாக எழுதிவைக்கிறது. கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் தேடுபொறிக்கு ஓடுவது நம் பழக்கம். நான் சூழல்களையும் செயலிகளையும் வீட்டு அடைவுகளிலிருந்து எடுத்து, வழங்கிக்கென்றே உள்ள பொது இடத்தில், செயலிக்கு ஒரு பயனர் என்ற கணக்கில் வைத்துவிட்டேன். முன்பு சொன்ன பாதுகாப்புக் குறையும் இதனால் ஓரளவு தீர்கிறது. டீமன் வரியில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனரைக் குறித்தால், ஒன்றின் கடவுச்சொற்களை மற்றொன்று படிக்க இயங்குதளமே விடாது. இடம் மாற்றும்போது ஒன்று: சூழலை அப்படியே நகர்த்தக்கூடாது. அதற்குள் உள்ள சிறு நிரல்களின் முதல் வரியில் பழைய பாதை முழுமையாக எழுதப்பட்டிருக்கும். பொதிப் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு, புதிய இடத்தில் புதிதாக உருவாக்குவதே முறை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. டெபியன் வகை இயங்குதளங்களில் அப்பாச்சி, ஆங்கில எழுத்துகளை மட்டும் எதிர்பார்க்கும் "சி" என்ற வெற்று மொழியமைவில் தொடங்குகிறது. நூற்பட்டியலில் அட்டைப் படங்களைப் பதிவேற்றும்போது ஆங்கிலப் பெயருள்ள கோப்புகள் ஏறின. தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பு யூனிகோட் பிழையோடு திரும்பியது. என் கணினியில் சோதித்தபோது அதே நிரல் குறையின்றி ஓடியது, ஏனெனில் என் முனையத்தின் மொழியமைவு வேறு. டீமன் வரியில் லாங், லோகேல் என்ற இரு விருப்பங்களுக்கும் யூடிஎஃப்-8 மொழியமைவைக் கொடுத்ததும் சரியானது. ஜாங்கோவின் ஆவணத்தில் இது ஒரு சிறு குறிப்பாகவே வருகிறது. தமிழ்க் கோப்புப் பெயர்களைக் கையாளும் எவரும் இதை விருப்பமாகக் கருதாமல், முதலிலேயே எழுதிவிடவேண்டிய வரியாகக் கொள்ளலாம்.

2023-இல் மூன்றாவது செயலி வந்தது. ஜாங்கோ 4.2-இல் எழுதியது, நம்பை, பாண்டாஸ் என்ற தரவுக் கணக்கீட்டுப் பொதிகளைக் கொண்டு வரைபடங்கள் போடுவது. தனிச் சூழல், தனிக் குழு, தனிப் பயனர் என எல்லாம் முறையாக அமைத்தும், முதல் வரைபடப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிழை எதுவும் வரவில்லை. 300 நொடிகள் கழிந்ததும் டீமன் தானே மறுதொடக்கம் ஆனது. பூட்டுச் சிக்கல் இருப்பதாகக் கண்டால் மாட்-விஸ்கி காத்திருக்கும் இயல்பு அளவு அது. நம்பை போன்ற, சி மொழியில் எழுதிய விரிவுகள் பலவும் துணை இன்டர்பிரட்டருக்குள் ஓடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அப்ளிகேஷன் குரூப் வரிக்குக் குளோபல் என்ற மதிப்பைக் கொடுத்து, செயலியை முதன்மை இன்டர்பிரட்டரிலேயே ஓடச்செய்வதுதான் தீர்வு. செயலிக்கொரு டீமன் குழு என்று ஏற்கெனவே பிரித்துவிட்ட பிறகு துணை இன்டர்பிரட்டரால் நமக்குக் கிடைக்கும் பயன் ஏதுமில்லை. ஆகவே இப்போது மூன்றுக்குமே குளோபல் என்று எழுதிவிடுகிறேன். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், செயலிக்கு ஐந்தாறு வரிகளில் அமைவு முடிந்துவிடுகிறது. எந்த ஐந்தாறு வரிகள் என்று அறிவதற்குத்தான் ஓராண்டு ஆயிற்று.

அன்றாடப் பயன்பாட்டில் குறைசொல்ல அதிகம் இல்லை. நிரலைப் புதுப்பித்துவிட்டு விஸ்கிக் கோப்பின் நேரத்தைத் தொட்டுவிட்டால் போதும். அடுத்த கோரிக்கை வரும்போது அந்தச் செயலியின் டீமன் மட்டும் புதிதாக எழுகிறது, அப்பாச்சியையோ மற்ற செயலிகளையோ தொடவேண்டியதில்லை. சான்றிதழ், நிலைக்கோப்புகள், முகவரி மாற்றங்கள் எல்லாவற்றையும் அப்பாச்சி ஏற்கெனவே பார்த்துக்கொள்வதால், இன்னொரு வழங்கியைக் கற்கவும் கண்காணிக்கவும் வேண்டியதில்லை. கோரிக்கையோடு வரும் அனுமதித் தலைப்பைச் (ஆத்தரைசேஷன்) செயலிக்குக் கடத்துவதற்கு மட்டும் தனி வரி எழுதவேண்டும். இல்லாவிட்டால் டோக்கன் கேட்கும் இடைமுகங்கள் எல்லாக் கோரிக்கையையும் மறுக்கும். ஆவணங்கள் விரிவானவை, துல்லியமானவை, ஆனால் ஒழுங்கற்றவை. பைத்தான் 2 காலத்துக் குறிப்பும் இன்றைய அறிவுரையும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும். டம்பிள்டன் தம் வலைப்பதிவில் எழுதிய விளக்கங்களே பல நேரங்களில் ஆவணத்தைவிடத் தெளிவாக உள்ளன. மென்பொருள் அப்பாச்சி உரிமம் 2.0-இன் கீழ் இலவசம். பெரும்பாலும் ஒருவரின் உழைப்பில் இத்தனை ஆண்டுகள் நின்றிருப்பது வியப்புக்குரியது. நீண்டகாலத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ளவேண்டியதும் அதுவே.

இனி, இந்த அமைப்பின் உண்மையான எல்லைக்கு வருகிறேன். மாட்-விஸ்கி ஒரு குறிப்பிட்ட பைத்தான் பதிப்போடு கம்பைல் செய்யப்பட்ட மாட்யூல். பைத்தான்-ஹோம் விருப்பம் பொதிகளை எங்கே தேடவேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. எந்தப் பைத்தான் ஓடவேண்டும் என்பதை மாற்றுவதில்லை. 3.10-க்குக் கம்பைல் செய்த மாட்யூலுக்கு 3.8-இல் உருவாக்கிய சூழலைக் காட்டினால் அது ஓடாது. ஓர் அப்பாச்சிக்குள் ஒரே ஒரு பைத்தான்தான். இந்தச் செய்தியை ஆவணம் மறைக்கவில்லை, ஆனால் அதன் எடையை நான் உணர்ந்தது உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு ஏறியபோதுதான். பைத்தான் 3.10 போய் 3.12 வந்தது. மூன்று சூழல்களின் குறுக்குத்தொடுப்புகளும் இப்போது 3.12-ஐக் காட்டின; ஆனால் பொதிகள் 3.10 என்று பெயரிட்ட அடைவுக்குள் இருந்ததால் எதுவும் கண்ணில் படவில்லை. மூன்று செயலிகளும் ஒன்றாக விழுந்தன. எதைத் தனித்தனியாகப் பிரித்தேன் என்று பெருமைப்பட்டேனோ அதன் அடித்தளம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இரண்டு சூழல்களைப் பொதிப் பட்டியலிலிருந்து மறுபடி உருவாக்கி ஒரு மணி நேரத்தில் எழுப்பினேன். நூற்பட்டியல் எழவில்லை. அது ஜாங்கோ 3.2-இல் எழுதியது, அந்தப் பதிப்பு முறையாக ஆதரித்தது பைத்தான் 3.10 வரைதான், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டன. பைத்தான் 3.12-லோ டிஸ்ட்யூட்டில்ஸ் போன்ற பழைய மாட்யூல்கள் நீக்கப்பட்டுவிட்டன. மாட்-விஸ்கியில் இதற்கு வழியே இல்லை. எனவே பைத்தான் 3.10-ஐத் தனியாகக் கம்பைல் செய்து, அதில் ஒரு சூழல் அமைத்து, அதற்குள் ஜி-யூனிகார்ன் என்ற பைத்தான் செயலி வழங்கியை நிறுவி, லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்-டியின் சேவையாக எழுப்பி, அப்பாச்சியிலிருந்து யூனிக்ஸ் சாக்கெட் வழியாகக் கோரிக்கைகளை அதற்குக் கடத்தினேன். ஜி-யூனிகார்ன் சூழலுக்குள்ளேயே வாழ்வதால், ஒவ்வொரு செயலியும் தன் பைத்தானைத் தானே கொண்டுவருகிறது. பிரிப்பு என்று பார்த்தால் இது ஒரு படி மேல். விலை என்னவென்றால், சேவைக் கோப்பு, சாக்கெட்டின் அனுமதி, தனிப் பதிவு என்று பார்க்கவேண்டிய இடங்கள் கூடிவிட்டன. அமைவு ஒரே கோப்பில் இருந்த சுகம் போய்விட்டது.

செயலியை அதற்கு வேண்டிய நூலகங்களோடு சேர்த்து ஒரே படிமமாகக் கட்டும் டாக்கரைப் பற்றிக் கேட்பார்கள். 2013-இல் அது வந்தபிறகு இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் அதுவே விடை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இயங்குதளத்தின் நூலகங்கள் வரை பிரிக்கவேண்டியவர்களுக்கு அது சரியான விடையும்கூட. மூன்று சிறு செயலிகளும் ஒரே ஒரு நிர்வாகியும் உள்ள இடத்தில், படிமங்களைப் புதுப்பித்துக்கொண்டிருப்பது எனக்கு மிகையாகப் பட்டது. யு-விஸ்கி என்ற மற்றொரு செயலி வழங்கி இதே வேலையை வெகு திறமையாகச் செய்தது, ஆனால் அது இப்போது பராமரிப்பு நிலையில் மட்டுமே இருப்பதாக அதன் ஆக்கியோரே அறிவித்துவிட்டதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

அப்பாச்சியை ஏற்கெனவே நடத்துபவர்கள், எல்லாச் செயலிகளையும் ஒரே பைத்தான் பதிப்பில் வைத்திருக்கமுடியும் என்றால், மாட்-விஸ்கியைத் தயங்காமல் எடுக்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எஞ்சின்எக்ஸ் என்ற மற்றொரு வலைவழங்கியைப் பயன்படுத்துபவர்களும் விண்டோஸில் ஓட்டுபவர்களும் இதன் பக்கம் வரத் தேவையில்லை. விண்டோஸில் டீமன் முறையே கிடையாது, அதுவின்றி இதில் பாதிப் பயன்கூட இல்லை. பழைய செயலிகளைத் தொடாமல் பல ஆண்டுகள் காக்கவேண்டியவர்கள் முதலிலேயே ஜி-யூனிகார்னுக்குப் போய்விடுவது நல்லது. டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி இயங்குதளத்தின் பைத்தானில் பிப் எதையும் நிறுவ மறுப்பதால், சூழலே இல்லாமல் ஓட்டும் என் பழைய முறைக்கு இனி எவரும் தவறிக்கூடப் போகமாட்டார்கள்.

எங்கள் வழங்கியில் இப்போது கணக்குப் பதிவும் வரைபடச் செயலியும் மாட்-விஸ்கியின் கீழும், நூற்பட்டியல் ஜி-யூனிகார்னின் கீழும் ஓடுகின்றன. அமைவுக் கோப்பின் தலையில் ரெஸ்ட்ரிக்ட் எம்பெடட் வரியும், அதற்கு மேலே ஒரு குறிப்பாக, இயங்குதளத்தை மேம்படுத்துமுன் மூன்று பொதிப் பட்டியல்களையும் எடுத்துவைக்கவும் என்ற வாக்கியமும் இருக்கின்றன.